எலிக்குப் பயந்து போட்ட எவர்சில்வர் குழாய்

செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு எலியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழக்குலையைக் கொறிக்கும் எலி, அங்கே அலுத்துப்போனால் லயத்துக்கு வந்துவிடும். அரிசித் தகரம், பிள்ளைகளின் புத்தகப் பை, காயப்போட்ட கருவாடு என்று ஒன்றையும் விட்டுவைக்காது. எலியைப் பிடித்துத் தின்னட்டும் என்று ஆந்தைகளுக்குப் பெட்டி வீடு செய்து கம்பத்தின் மேல் ஏற்றி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆந்தையும் தன் வேலையைச் செய்யத்தான் செய்கிறது. ஆனால் ஆந்தை எட்டிப் பார்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. இரவில் நிறுத்திவைத்த காரின் போனட்டுக்குள் புகுந்து, இஞ்சின் சூட்டுக்கு இதமாகப் படுத்துக்கொண்டு, வாய்க்கு எட்டும் ரப்பர் குழாயையும் வயரையும் எலி கடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது அப்பா 1991-இல் வாங்கிய புரோட்டோன் சாகா. நம் நாட்டின் சொந்தக் கார் என்று 1985-இல் சாகா வெளிவந்தபோது, அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். ஆறு வருடம் சீட்டுக் கட்டியும், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தும் அதை வாங்கினார். இப்போது அப்பா இல்லை. கார் இருக்கிறது. எங்கள் வரிசையில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், யாருக்குப் பாம்பு கடித்தாலும், "டீச்சர், காடியை எடுங்க" என்று வந்து நிற்பார்கள். ஆகவே அதைக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

போன வருடம் இந்தக் காரின் பெட்ரோல் குழாயை எலி கடித்துவிட்டது. காலையில் வாசலில் பெட்ரோல் வாடை. நல்ல வேளையாகச் சாவியைத் திருப்புவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. பட்டணத்தில் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகனைக் கூப்பிட்டேன்.

"அத்தை, சாதாரண ரப்பர் குழாயைப் போட்டா மறுபடியும் கடிக்கும். மேலே எவர்சில்வர் கம்பி பின்னியிருக்கிற குழாய் வாங்கிட்டு வர்றேன். எலிக்குப் பல்லு உடைஞ்சிடும் பாருங்க" என்றான்.

வாங்கி வந்தான்; தானே மாட்டினான். உள்ளே ரப்பர், வெளியே மெல்லிய எவர்சில்வர் கம்பிகளைப் பாய் முடைவது போல முடைந்த உறை. போனட்டைத் திறந்தால் வெள்ளிக் கொலுசு போலப் பளபளத்தது. எனக்கும் பெருமைதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாதம் ஹாரன் அடிக்கவில்லை. பார்த்தால் பியூஸ் போயிருந்தது. புதியது போட்டோம். பத்து நாளில் அதுவும் போய்விட்டது. "சின்ன பியூஸா இருக்கு அத்தை, அதான் தாங்கல" என்று, 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகிவிட்டான் மருமகன். அதன் பிறகு பியூஸ் போகவில்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு முறை கதவைத் தட்டி எச்சரித்த காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் தூங்கிய கதை இது என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

மாவட்ட அளவில் கதை சொல்லும் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பிள்ளைகள். வேன் ஏற்பாடு கைகொடுக்காததால் என் காரிலேயே அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர்களில் ஒருத்தி ஆறாம் ஆண்டு மாணவி; இரண்டு மாதமாக வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தவள். அதுதான் அவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் கடைசி வருடம்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போகையில், பின்னால் உட்கார்ந்திருந்த பையன், "டீச்சர், பிளாஸ்டிக் கருகுற வாடை வருது" என்றான். குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் போனட் இடுக்கிலிருந்து மெல்லிய புகை.

காரை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, பிள்ளைகளை இறக்கி, தூரத்தில் ஒரு செம்பனை மரத்தடிக்கு ஓடச் சொன்னேன். சாவியை அணைத்துவிட்டோமே, புகை நின்றுவிடும் என்றுதான் எண்ணினேன். நிற்கவில்லை! பல கார்களில் ஹாரனுக்குப் போகும் மின்சாரம் சாவியை அணைத்தாலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த நேரம் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டி வந்த வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் இறங்கி ஓடி வந்தார். நெருப்பு இல்லை, புகைதான் என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு போனட்டைத் திறந்தார். தம் பெட்டியிலிருந்து 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினார். புகை அடங்கியது.

வேறோர் ஆசிரியையின் காரை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பினேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய பிரிவு முடிந்திருந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தையும் கோபித்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

சரி, நடந்தது என்ன?

தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியும் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் 'பட்டறை மாமா'. அன்று மாலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனட்டுக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏம்மா, இது குழாயா, அரமா?" என்றார்.

விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. ஆனால் அது சாய்ந்துகிடந்த வயர்க் கட்டில் மேலே சுற்றியிருந்த டேப் அறுந்து, வயரின் பிளாஸ்டிக் தோல் அறுந்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. அதுதான் ஹாரன் வயர். பின்னலின் ஒரு முனை இஞ்சின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால், செம்பு பின்னலில் படும்போதெல்லாம் மின்சாரம் குறுக்கே பாய்ந்து பியூஸ் போயிருக்கிறது. பெரிய பியூஸைப் போட்டதும், பியூஸுக்குப் பதிலாக வயர் சூடேறி உருகியிருக்கிறது. பெட்ரோல் ஓடும் குழாயின் மேலேயே! இன்னொரு பக்கம், அதே குழாய் உரசிய அலுமினியப் பாகத்தில் ஒரு சிறு வாய்க்கால். சுற்றிலும் சாம்பலும் கருப்புமாக மாவு. தேய்ந்து உதிர்ந்த அலுமினியம் அது.

எவர்சில்வர் கம்பி, அலுமினியத்தையும் செம்பையும் பித்தளையையும் விடக் கடினமானது. அதை நூற்றுக்கணக்கில் முடைந்தால் மேற்பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு பற்கள். சும்மா கிடந்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் இஞ்சின் சும்மா கிடக்குமா? வாத்தியார் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் இஞ்சின், கார் நகராமல் நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,600 அதிர்வு. ஒரு மணி நேரத்துக்கு 96,000. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இழுப்பு. நம் வீடுகளில் பால்மரம் வெட்டிய மூத்தவர்களைக் கேளுங்கள். உளி ஒரு நாளைக்குச் சீவுவது ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். வருட முடிவில் மரத்தில் எத்தனை அகலத்துக்குப் பட்டை இறங்கியிருக்கும் என்று அவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள்.

கம்பிப் பின்னல் தன்னைக் காத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பதைத் தின்கிறது. எலிப்பல்லுக்குப் பயந்து நாங்களே ஒரு பெரிய எலியை உள்ளே கட்டிவைத்துவிட்டோம்.

இதில் எனக்கு அதிக வியப்பளித்த செய்தி வேறொன்று. எங்கள் காருக்கு இந்த இரும்புச் சட்டையே தேவையில்லையாம். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் பெட்ரோல் ஓடுவது சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு வரையிலான அழுத்தத்தில்தான். டயரில் நாம் அடிக்கும் காற்றே 30 பவுண்டு. இன்ஜெக்‌ஷன் முறை வந்த பிற்காலக் கார்களில் அழுத்தம் 40 பவுண்டு, அதற்கு மேலும் இருக்கும். அவற்றுக்கு அதற்கென்று செய்த குழாயைத்தான் போட வேண்டும். கடையில் கேட்கும்போது கார் எந்த வகை என்று சொல்லிக் கேளுங்கள். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். பின்னல் உறைக்கு இன்னொரு குறையும் உண்டு. உள்ளிருக்கும் ரப்பர் வெடித்துப் போனாலும் வெளியே தெரியாது. வெறும் ரப்பர் குழாய் என்றால் மடக்கிப் பார்த்தாலே வெடிப்பு தெரியும். பின்னல் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்து முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

மறுநாள் மருமகன் வந்தான். மாமா அவனைத் திட்டவில்லை. "பியூஸ்ங்கிறது வயருக்கு உயிர் கொடுக்கிற சாமிப்பா. அது செத்தா ஏன் செத்ததுன்னு தேடணும், பெரிய சாமியைக் கொண்டாந்து வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பையன் தலை நிமிரவில்லை.

பின்னல் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்துப் பாகங்களை எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்த்தோம். மருமகன் உடனே பழைய சைக்கிள் டியூபை வெட்டிக்கொண்டு வந்து, "இதைச் சுத்திடலாமா மாமா?" என்றான். தோட்டத்தில் எதற்கும் டியூப்தானே மருந்து! மாமா சிரித்தார். ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அதில் ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். மறுநாள் பார்த்தால் வளையம் ஊறி உப்பி, இழுத்தால் பிய்ந்து வந்தது. (பிள்ளைகளே, இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டுவிடும்.)

பால்மரத்து ரப்பரின் குணம் அது. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வெட்டிய பால், டயராகி உலகத்தையே சுமந்தது. பெட்ரோலிடம் மட்டும் தோற்றுப்போனது. அதனால்தான் 1930-களில் ஜெர்மனியில் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். இன்று பெட்ரோல் குழாய்கள் பலவற்றின் உள்ளே இருப்பது அந்த இனம்தான். டியூப் வகையைச் சுற்றினால், ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தாலும் ஊறிக் கூழாகிவிடும். மின்சார டேப்பும் உதவாது. இஞ்சின் சூட்டில் பசை இளகி வழுக்கிக்கொண்டு போகும்.

மாமா செய்த முதல் வேலை, உறை எதையும் தேடாமல் குழாயின் வழியை மாற்றியதுதான். உரசாத குழாய்க்கு உறை எதற்கு? இஞ்சின் ரப்பர்க் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முடுக்கும்போதும் விடும்போதும் ஆடும். கார் உடம்பு ஆடாது. ஆடுகிறதற்கும் ஆடாததற்கும் நடுவே போகும் குழாயை இறுக்கமாகக் கட்டினால் இழுத்துக்கொள்ளும். ரொம்பத் தளர விட்டால் பக்கத்தில் சாயும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளைவு விட்டார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை எடுத்துவிட்டு, மருமகன் லேசாக முடுக்க, இஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். அதற்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டுக் குழாயை அமைத்தார். (பெண்கள் இதைப் பார்க்கும்போது துப்பட்டாவையும் தலைமுடியையும் காற்றாடியின் பக்கம் விடாதீர்கள்.)

பிறகு, குழாய் அந்த வழியிலேயே நிற்க 'பி கிளிப்' என்னும் கவ்வி. இரும்புப் பட்டை, உட்புறம் ரப்பர் வைத்தது, ஒரு திருகாணியால் காரின் உடம்பில் பிடிக்கலாம். ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு ஒன்று போதும். கேபிள் டையால் பெட்ரோல் குழாயை வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுவதுதான் பலரும் செய்யும் பெரிய பிழை. பார்க்க ஒழுங்காக இருக்கும். திருடனையும் பெட்டியையும் ஒரே அறையில் பூட்டிய மாதிரி. பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

இடமே இல்லாமல் ஒன்றை ஒன்று தொட்டுத்தான் போக வேண்டும் என்ற இடத்தில் உறை போட வேண்டும். எங்களிடம் பழைய நைட்ரில் குழாய்த் துண்டு இருந்தது. அதை நீளவாக்கில் பிளந்து, பின்னலுக்கு மேல் சட்டை போல மாட்டி, இரு முனையிலும் கேபிள் டை போட்டார். கடையில் சுருள் உறை கிடைக்கும்; கொடி சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு போகலாம். சூடு தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். தகரத்தில் துளை போட்டுக் குழாய் நுழைந்தால், அந்தத் துளை விளிம்பில் ரப்பர் வளையம் கட்டாயம். அங்கே தகரமும் பின்னலும் ஒன்றை ஒன்று அறுக்கும். சைலென்சர் குழாயின் பக்கம் போகவே வேண்டாம். அதன் சூட்டுக்கு எந்த ரப்பரும் தாளாது.

பின்னல் குழாயை வெட்ட வேண்டி வந்தால், வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றி, டேப்பின் மேலேயே மெல்லிய பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பிகள் விளக்குமாறு போல விரிந்து விரலில் ஏறும். மருமகனின் கட்டைவிரல் சாட்சி. அறுத்த தூளைக் குழாய்க்குள் இருந்து தட்டி எடுத்துவிட வேண்டும். இந்த வேலைகளை எல்லாம் இஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில்தான் செய்தோம். வாயில் சிகரெட்டோடு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணனை மாமா விரட்டிய விரட்டு, லயம் முழுவதும் கேட்டது.

அறுந்த வயரை மாற்றி, 10 ஆம்பியர் பியூஸை அதன் இடத்தில் வைத்தோம். கவ்விகளுக்கும் வயருக்கும் சேர்த்து இருபது வெள்ளிகூட ஆகவில்லை.

உரசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி சொன்னேன், மாமாவே மெச்சினார். பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியைக் கொண்டுபோய், சந்தேகப்படும் இடங்களில் தடவி வைத்தேன். ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால், சுண்ணம் அழிந்த இடத்தில் உரசல் இருக்கிறது. முதல் நாள் ஒரு இடத்தில் அழிந்தது. கவ்வியை நகர்த்தினோம். மறுநாள் அழியவில்லை.

புகை வந்தால் செய்ய வேண்டியதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சாவியை அணையுங்கள், எல்லாரையும் இறக்கித் தூரமாக அனுப்புங்கள். தீ தெரிந்தால் போனட்டைத் திறக்காதீர்கள். காற்று புகுந்து தீ உங்கள் முகத்துக்கு வரும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். 999-ஐக் கூப்பிட்டுப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள். ஒரு கிலோ தூள் தீயணைப்பான் காரில் இருந்தால், தொடக்கத்திலேயே அடக்க முடிகிற சிறு தீக்கு உதவும். பெரிதானால் காரை விட்டு விலகுங்கள். அப்பாவின் காராக இருந்தாலும் சரி.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கப்சாயின் பிரேக்குக்கு அழகுக்காகப் பின்னல் குழாய் மாட்டுகிறீர்கள். ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, குழாய் எங்கே போய்ப் படுகிறது என்று பாருங்கள். பெயிண்ட் போய் உலோகம் மின்னினால், அங்கே அரம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், மாமாவும் மருமகனும் நானும் எங்கள் வரிசையில் நின்ற ஆறு கார்களின் போனட்டையும் திறந்து பார்த்தோம். இரண்டில் பின்னல் குழாய் இருந்தது. ஒன்றில் பழுதில்லை. மற்றொன்று, மூன்றாம் வீட்டுக்காரரின் பழைய கஞ்சில். அதில் குழாய் பிரேக் பைப்பின் மேல் படுத்திருந்தது. பைப்பின் மேல் பூச்சு போய், உள்ளே இரும்பு ஊசிமுனை போல மின்னியது. பிரேக் பைப்பின் சுவர் மொத்தமே முக்கால் மில்லிமீட்டர் அளவுதான் என்றார் மாமா. அந்த வீட்டுக்காரர் மறுநாள் விடியற்காலை மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக இருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார். பைப்பை மாற்றும் வரை அந்தக் காரை எடுக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் சாகாவை எடுத்தேன்.